‘பார்க்கலாமுங்க’ன்னு சொல்லிக் கெட்ட குடும்பம்

தம்பி, ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? இப்ப உங்க போன்ல யாரோ கடன் வேணுமான்னு கேட்டாங்க. நீங்க "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுங்க"ன்னு சொல்லி வெச்சீங்க. நான் ஒட்டுக் கேக்கலைங்க. பக்கத்து சீட்டுல உக்காந்தாக் காதுல விழுகத்தானே செய்யும். நீங்க மீட்டிங்ல இல்லைங்கறது எனக்கும் தெரியும், கண்டக்டருக்கும் தெரியும், அது போச்சாது, உடுங்க. ஆனா "அப்புறம் கூப்பிடுங்க"ன்னீங்க பாருங்க, அங்கதான் தப்புப் பண்ணிப்போட்டீங்க. சாயங்காலத்துக்குள்ள மறுபடியும் வரும். நாளைக்கும் வரும். நீங்கதானே கூப்பிடச் சொன்னீங்க?

இதுல நான் அடிபட்டவனுங்க. எங்கூட்டுக்கு வந்த போன் கூப்பாட்டை எல்லாம் நான் நிறுத்திப்போட்டேன். இல்லைன்னு சொல்லலை. ஆனா அதை நிறுத்தப் போயி என்ற பொண்ணு கல்யாணமும் சேர்ந்து நின்னுபோச்சு. இந்தப் போன்காரங்க மட்டும் இல்லாம இருந்திருந்தா, இன்னேரம் கோகிலா காங்கேயத்துல எண்ணெய் மில்லுக்காரர் ஊட்டு மருமகளுங்க.

கோயமுத்தூருக்குத்தானே போறீங்க? அப்பச் சரி. புளியம்பட்டியே இன்னும் வரலை. சாவகாசமாச் சொல்றேன்.

எம் பேரு நாச்சிமுத்துங்க. கோபிக்குப் பக்கத்துல உரக்கடை வெச்சிருக்கேன். ஊட்டுல நானு, எங்கூட்டு அம்மிணி துளசிமணி, ஒரே பொண்ணு கோகிலவாணி. பொண்ணு கோயமுத்தூர்ல ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குது, ஆஸ்டல்ல இருக்குது. என்ற செல்லு என்ற சட்டைப் பையில இருக்கும். அதில்லாம ஊட்டுப் போன்னு ஒண்ணு இருக்குதுங்க. அதுவும் செல்லுதான். ஆனா ஊட்டை விட்டு வெளிய போகாது. ஜன்னலோரம் வெச்சாத்தான் டவர் எடுக்கும், அதனால அங்கயே கெடக்கும். ஜவுளிக்கடையில பில் போடற புள்ள நம்பர் கேட்டாலும் அந்த நம்பரைத்தான் குடுப்போம், பொருட்காட்சியில அதிர்ஷ்டக் குலுக்கல்னாலும் அந்த நம்பரைத்தான் போடுவோம். குலுக்கல்ல இதுவரைக்கும் ஒரு கரண்டி விழுந்ததில்லை. கூப்பாடு மட்டும் வந்து விழுந்துச்சு.

காலையில பாலைக் கறந்துபோட்டு வந்து உக்காந்தா, லோன் வேணுங்களா. இட்லியைப் புட்டு வாயில வெச்சா, இன்சூரன்ஸ் போடறீங்களா. மத்தியானம் கண்ணு சொக்கற நேரத்துக்கு, அவிநாசிக்குப் பக்கத்துல சைட்டு இருக்குது வாங்கிக்கறீங்களா. சலிக்காமக் கேக்கறாங்க தம்பி. ஒரு மனுசனுக்கு வேணும்னா அவனாக் கேக்க மாட்டானா? பத்து தடவை சொன்னா மனசு மாறிருவான்னு ஒரு நெனப்பு. எனக்கு இதுதான் பிடிக்கறதில்லை.

எங்க மேலயும் ஒரு தப்பு இருந்துச்சுங்க. தப்புன்னு சொல்லக் கூடாது, மரியாதை. எங்க பக்கத்துல மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்லி யாரும் பழகலை. ஒரம்பரை, சொந்தக்காரங்க வந்து தோட்டத்தைக் குத்தகைக்குக் கேட்டாலும் "பார்க்கலாமுங்க". தேர் நோம்பித் திருவிழாவுக்கு ஒரு யானை பிடிக்கலாமான்னு கேட்டாலும் "பார்க்கலாமுங்க". அது நடக்காதுன்னு சொன்னவனுக்கும் தெரியும், கேட்டவனுக்கும் தெரியும். ஒரு டம்ளர் மோரைக் குடிச்சுப்போட்டு மரியாதையா எந்திரிச்சுப் போயிருவான். மறுபடியும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டான். பார்க்கலாமுங்கன்னு ஒருத்தர் சொன்னா அதுக்கு மேல அவரைப் போட்டு நோண்டக் கூடாது, அதுதான் நாகரிகம்.

இந்தப் போன்காரங்களுக்கு அந்த நாகரிகம் தெரியலைங்க. துளசிமணி எல்லாருக்கும் "பார்க்கலாம் கண்ணு, பார்க்கலாம் கண்ணு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. அதோட விட்டாளா? "சாப்டியா? எந்த ஊரு? ஆஸ்டல் சாப்பாடு ஒத்துக்குதா? நோம்பிக்கு ஊருக்கு விட்டாங்களா?" அத்தனையும் கேப்பா. லோன் விக்கக் கூப்பிட்ட புள்ள, அவ அக்கா பிரசவத்துக்கு என்ன பத்தியம்னு கேட்டுப்போட்டு வெச்சுருக்குது.

ஒரு ஞாயித்துக்கெழமை வாசல்ல வேன் வந்து நின்னு ஹாரன் அடிக்குதுங்க. என்னன்னு போயிப் பார்த்தா, சைட்டுக் கம்பெனி வேன். "அம்மா சைட்டு பாக்க வர்றேன்னு சொன்னாங்களாமே"ங்கறான் டிரைவரு. துளசிமணியக் கேட்டா, "ஒரு நாளைக்கு வர்றோம் கண்ணுன்னு பேச்சுக்குச் சொன்னனுங்க, வேனோட வருவாங்கன்னு கண்டனா"ங்கறா. சரி, வந்தவனை எப்படித் திருப்பி அனுப்பறது? அன்னிக்குப் பார்த்து மச்சான் குடும்பமும் வந்திருந்துச்சு. அத்தனை பேரும் ஏறிட்டோம். அங்க போனா வெறும் கல்லுக் கரடுங்க. சுத்தியும் கலர்க் கொடி நட்டு வெச்சிருக்கான். கழுத்துல டை கட்டின ஒருத்தன் சீமைக் கருவேலம் புதரைக் காட்டி, "இதுதான் சார் நீச்சல் குளம்"ங்கறான். தலைக்குத் தொப்பி குடுத்தான், எலுமிச்சம்பழச் சோறு குடுத்தான். தின்னுபோட்டு எப்படி வேண்டாம்ங்கறது? "பார்க்கலாமுங்க"ன்னு சொல்லி மச்சானும் அவரு நம்பரைக் குடுத்துட்டு வந்துட்டாரு. அப்புறம் அவரு ஊட்டுலயும் மணி அடிக்க ஆரம்பிச்சுருச்சு.

இதுக்கு நடுவுலதானுங்க காங்கேயத்து எடம் வந்துச்சு. எண்ணெய் மில்லு, தோப்பு, மாடி ஊடு, ஒரே பையன். பேரு நவநீதன். ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. பேசற பழக்கம் கூடக் கெடையாது. எனக்கு மனசுக்குள்ள மேளம் அடிச்ச மாதிரி இருந்துச்சு. அன்னிக்கே கோகிலாவுக்குப் போன் போட்டு விசயத்தைச் சொன்னேன். "பார்க்கலாம்ப்பா"ன்னு சொன்னா. பெத்த அப்பன்கிட்டப் பொண்ணு பார்க்கலாம்னு சொன்னா அது சரிங்கறதுதானுங்களே? வெக்கப்பட்டுக்கிட்டு அப்படிச் சொல்றான்னு நெனச்சேன். உடனே காங்கேயத்துக்குக் கூப்பிட்டு, பொண்ணுக்கு விருப்பந்தானுங்கன்னு சொல்லிப்போட்டேன்.

அப்புறம் தெனமும் அவகூடப் பேசுவேன். காலையில ஒருக்கா, ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துல ஒருக்கா, சாயங்காலம் பஸ் ஏறறப்ப ஒருக்கா. "கண்ணு, இந்த மாதிரி எடம் மறுக்காக் கெடைக்காது, அவங்களுக்கு வேற பக்கமும் கேக்கறாங்க, இந்த மாசத்துக்குள்ள நாம பதில் சொல்லியாகணும்"னு நல்லபடியா எடுத்துச் சொல்லுவேன். அவ ஏதாச்சும் சொல்லுவா. "பரீட்சை ஒண்ணு பாக்கி இருக்குதுப்பா"ம்பா. அது பிரச்சினையே இல்லை கண்ணு, கல்யாணத்துக்கப்புறம் எழுது, மில்லுக் கணக்கையும் நீயே பார்த்துக்கலாம்னு சொல்லுவேன். "அவரு போன்லயும் பேசவே மாட்டேங்கறாருப்பா"ம்பா. பேசாத மாப்பிள்ளை கெடைக்கறது குதிரைக் கொம்பு, உங்கம்மாவைக் கேட்டுப் பாருன்னு சொல்லுவேன். "காங்கேயம் வெயிலு ஆகாதுப்பா"ம்பா. ஒவ்வொரு ரூம்புலயும் ஏசி கண்ணு, நான் கண்ணால பார்த்தேன்னு சொல்லுவேன். அவ எது சொன்னாலும் எங்கிட்டப் பதில் இருந்துச்சு தம்பி. கடைசியில அவளே, "சரிப்பா, வேலை இருக்குது, அப்புறம் பேசறேன்"னுருவா. அப்புறம் பேசறேன்னு சொன்னாளேன்னு நானும் மறுபடியும் கூப்பிடுவேன்.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க தம்பி, காத்துல காது அடைக்குது. ஆங்.

எங்க உட்டேன்? ஊட்டுப் போனு. தண்ணி சுத்தம் பண்ற மெசினு விக்கற புள்ள ஒண்ணு அடிக்கடி கூப்பிடுமுங்க, பேரு ரோஸ்லின், பவானிப் பக்கம். துளசிமணிக்கும் அதுக்கும் நல்ல பழக்கமாயிருச்சு. ஒரு நாள் அந்தப் புள்ளயே மனசு கேக்காமச் சொல்லிருச்சு. "அம்மா, நீங்க வாங்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்க பார்க்கலாம்னு சொன்னா, விருப்பம் இருக்குதுன்னுதான் நான் கம்ப்யூட்டர்ல பதியணும். அப்புறம் நான் விட்டாலும் அடுத்த சீட்டுக்காரி கூப்பிடுவா. நேரா வேண்டாம்னு சொல்லுங்க. காரணம் மட்டும் சொல்லாதீங்கம்மா. நீங்க எந்தக் காரணம் சொன்னாலும் அதுக்கு ஒரு பதில் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. வேண்டாம், விருப்பமில்லை, இனிமேக் கூப்பிடாதீங்க. அவ்வளவுதான். முடிஞ்சுது."

எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. எத்தனை அநியாயம் பாருங்க! பார்க்கலாம்னு ஒரு மனுசன் மரியாதைக்குச் சொன்னா, அதைச் சம்மதம்னு எழுதிக்கறதா? கேக்கற காதுக்கு ஒரு மனச்சாட்சி வேண்டாமா?

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். சாயங்காலம் கடையைச் சாத்திப்போட்டு வந்ததும் ஊட்டுல எல்லாருக்கும் பழக்கம் குடுக்கறதுன்னு. அப்பக் கோகிலாவும் பரீட்சைக்குப் படிக்கறேன்னு லீவு போட்டு வந்திருந்தா. நான் டிவி ரிமோட்டைக் காதுல வெச்சுக்கிட்டு, "வணக்கம் மேடம், அருமையான ஆஃபர் ஒண்ணு இருக்குது"ன்னு ஆரம்பிப்பேன். அவங்க சொல்லணும்.

துளசிமணிக்கு வரவே இல்லைங்க. "வேண்டாம் கண்ணு, கோவிச்சுக்காதே, சாப்டியா?"ங்கறா. நான் முப்பது வருசமா அவ புருசன், என்னைக் கண்ணுங்கறா. ரிமோட்டைப் பார்த்தா அவளுக்கு அந்த ரோஸ்லின் ஞாபகம் வந்துருதாம். சரி, உன்னால ஆகாது, கோகிலா நீ வான்னேன். அவ பொட்டாட்ட, சத்தங் காட்டாம சோபாவுல உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்தா. "எனக்கெதுக்குப்பா?"ன்னா. "உன் நம்பருக்கும் வரும், நீயும் பழகு"ன்னேன்.

மொதல்ல அவளுக்கும் வரலை. "இப்ப வேண்டாமே"ன்னா. "அதென்ன இப்ப? அப்ப நாளைக்குன்னா வேணுமா? இப்பங்கறதை வெட்டு"ன்னேன். "வேண்டாமுங்க, நான் படிக்கணும்"ன்னா. "காரணம் சொல்லாதேன்னு அந்த ரோஸ்லின் சொல்லியிருக்குதல்ல. காரணம் சொன்னா அதுக்குப் பதில் வெச்சிருப்பான். தலையைக் குனியாதே. சிரிக்காதே. நிமிந்து மூஞ்சியப் பார்த்துச் சொல்லு"ன்னேன்.

"அவங்க கோவிச்சுக்கிட்டாங்கன்னாப்பா?"ன்னு கேட்டா.

"கோவிச்சா அவங்க பாடு. நம்ம ஊடு, நம்ம போனு, நம்ம இஷ்டம்"னேன்.

"யாரா இருந்தாலும் சொல்லலாமாப்பா?"

"யாரா இருந்தாலும்"னு சொன்னேன். நல்லாச் சத்தமாவே சொன்னேன்.

அதுக்கப்புறம் பாருங்க, என்ற புள்ள பிடிச்சுக்கிச்சு. சாயங்காலமானா, அதே ரிமோட்டை எடுத்துக் குடுத்து, "அப்பா, வாங்க பழகலாம்"னு கூப்பிட ஆரம்பிச்சுட்டா. "வேண்டாம். எனக்கு விருப்பமில்லை. இனிமேக் கூப்பிடாதீங்க." கணீர்னு சொல்லுவா. சரியாச் சொன்னா துளசிமணி கை தட்டுவா. என்ற பொண்ணு எதைச் சொல்லிக் குடுத்தாலும் கெட்டியாப் பிடிச்சுக்குவா, எனக்கு அதுல நொம்பப் பெருமை.

கொஞ்ச நாள்லயே ஊட்டுப் போனு அடங்கிருச்சு. கோகிலா ஒவ்வொருத்தருக்கா எடுத்துச் சொல்லி, அப்புறம் தொந்தரவு வேண்டாம்னு எங்கயோ மெசேஜும் அனுப்பி, ஒரே அமைதி. நான் இட்லியைச் சூடாத் தின்னேன் தம்பி.

அந்தச் சந்தோசத்துலயே காங்கேயத்துக்காரங்களை உப்புச் சக்கரை மாத்திக்க வரச் சொல்லிப்போட்டேன். உங்க பக்கத்துல தட்டு மாத்தறதும்பாங்க, எங்களுக்கு உப்பும் சக்கரையும். ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் வந்து உக்காந்து, ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கிட்டா வாக்குக் குடுத்த மாதிரி. ஒரம்பரை எல்லாம் வந்தாச்சு. ஹால் நெறைய ஜமக்காளம் விரிச்சு, வடை, ஜிலேபி, காப்பி எல்லாம் ஆச்சு. கோகிலாவும் பட்டுச் சேலை கட்டிக்கிட்டு வந்து கும்பிட்டுப்போட்டு நின்னா. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு.

பையனோட அம்மா பாவம், நல்ல மனுசி. ஒரு பேச்சுக்குக் கேட்டாங்க. "என்ன அம்மிணி, உனக்குச் சம்மதந்தானே?"ன்னு. இதெல்லாம் யாருங்க பதிலுக்காகக் கேப்பாங்க? தலையைக் குனிஞ்சு ஒரு சிரிப்புச் சிரிச்சா முடிஞ்சுது.

இவ குனியலை. நிமிந்தா. அந்தம்மா மூஞ்சியப் பார்த்து, "வேண்டாமுங்க. எனக்கு விருப்பமில்லை. இனிமே இது விசயமாக் கூப்பிடாதீங்க"ன்னா.

பெரிய மாமன் வாய்க்கிட்டக் கொண்டுபோன வடை அங்கயே நின்னுருச்சு. அந்த நேரம் பார்த்துச் சமையக்கட்டுல இருந்து படபடன்னு கை தட்டற சத்தம். துளசிமணி! பழக்க தோசமுங்க. தெனமும் தட்டித் தட்டிப் பழகினவ, கை தன்னால தட்டிப்போட்டுச்சு. அப்படித்தான் இருக்கும், வேற என்ன?

பையனோட அப்பா மரியாதையா, "என்ன காரணம்னு சொன்னாத் தேவலைங்க"ன்னாரு. வாயத் தொறக்கணுமே. கல்லு மாதிரி நிக்கறா. காரணம் சொல்லக் கூடாதுன்னு நானே சொல்லிக் குடுத்துட்டு, அத்தனை பேரு முன்னாடி காரணத்தைச் சொல்லுன்னு நான் எப்படிக் கேப்பேன்? அந்த நவநீதன் பையன் மொகத்துல அன்னிக்குத்தான் மொத தடவையாச் சிரிப்பைப் பார்த்தேன். அதிர்ச்சியில சில பேருக்கு அப்படி ஆகுமாமுங்க. கும்பிட்டுப்போட்டு, அவன்தான் எல்லாருக்கும் முன்னால வண்டியில போயி ஏறினான்.

எல்லாரும் போனதுக்கப்புறம், "ஏன் கண்ணு இப்படிப் பண்ணினே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?"ன்னு கேட்டேன். "சொன்னேன்ப்பா. தெனமும் சொன்னேன்"னா. எங்கிட்ட என்ன சொன்னா? பார்க்கலாம், பரீட்சை, வெயிலு, இதைத்தானுங்களே சொன்னா? வேண்டாம்னு எங்கயாச்சும் சொன்னாளா? நீங்களே சொல்லுங்க தம்பி.

அடுத்த நாள் பஸ் ஏறிப் போயிட்டா. அதுல இருந்து நான் கூப்பிட்டா எடுக்கறதில்லை. அம்மாகூடப் பேசறா. நான் கூப்பிட்டா, பிஸியா இருக்கறாங்கன்னு மெசினு சொல்லுது. காலையிலயும் பிஸி, மத்தியானமும் பிஸி, சாயங்காலமும் பிஸி. ஆடிட்டர் ஆபீஸ்ல அவ்வளவு வேலை வாங்கறாங்க. துளசிமணிகிட்ட, "அவகிட்டப் பேசறப்ப எங்கிட்டக் குடு"ன்னா, "வேண்டாம்"ங்கறா. ஏன்னு கேட்டாக் காரணம் சொல்ல மாட்டேங்கறா. அவளுக்கும் இப்பத்தான் வந்திருக்குது பாருங்க, போன்காரங்க எல்லாம் ஓஞ்சதுக்கப்புறம். ஊட்டுல இப்ப எந்தப் போனும் அடிக்கறதில்லை. சாப்பிட்டா மெல்லற சத்தம் எனக்கே கேக்குது.

ஒரே பொண்ணுங்க தம்பி. ரெண்டு மாசமாச்சு அவ கொரலைக் கேட்டு. நெசமாச் சொல்றேன், கடையில உர மூட்டைக்குப் பின்னால போயி மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு வந்து யாவாரம் பண்றேன்.

அன்னூரு தாண்டிட்டோமா? அப்ப நேரமில்லை. தம்பி, ஒரு ஒதவி. உங்க போனைக் கொஞ்சம் குடுக்கறீங்களா? புது நம்பர்னா எடுப்பா, ஆபீஸ் விசயமா இருக்குமோன்னு. ஒரே ஒரு நிமிசம். சாப்டியான்னு கேட்டுப்போட்டுக் குடுத்தர்றேன். வேற ஒரு பேச்சும் எடுக்க மாட்டேன், சாமி சத்தியமா. நம்பரு எனக்கு மனப்பாடம், நீங்க அமுக்குங்க. ஆங்... அடிக்குதுங்களா? குடுங்க, குடுங்க.

ஹலோ? கோகிலா? அப்பா பேசறேன் கண்ணு. வெச்சராதே, வெச்சராதே, ஒரு நிமிசம்! பஸ்ல ஒரு நல்ல தம்பி போனைக் குடுத்தாரு. கோயமுத்தூருக்குத்தான் வர்றேன், உங்க மாமன் ஊட்டு விசேசத்துக்கு. சாப்டியா கண்ணு?... நான் சாப்பிட்டேன்... போட்டேன், ரெண்டு மாத்திரையும் போட்டேன்... இல்ல, அழுகலை, காத்து... ஆமா கண்ணு, எனக்கும் உன்னைப் பார்க்கணும்னுதான் இருக்குது... வாயேன், சாயங்காலம் நீயும் மாமன் ஊட்டுக்கு வா, எல்லாரும் பார்த்த மாதிரி இருக்கும்... வர்றியா? நெசமாவா? சந்தோசம் கண்ணு, நொம்பச் சந்தோசம்!... ஆறு மணிக்கா, சரி... இல்ல, இல்ல, நான் எதுக்கு அந்த எண்ணெய் மில்லுப் பேச்சை எடுக்கப் போறேன்? அது முடிஞ்சு போன கதை. இது வேற. பெருந்துறையில பைப்புக் கம்பெனி. நல்லாப் பேசற பையனாமா, அங்க வெயிலும் கம்மி. அவங்களும் சாயங்காலம் அங்கதான் வர்றாங்க. நீ சரின்னு சொல்ல வேண்டியதே இல்லை கண்ணு, சும்மா ஒருக்காப் பாரு, பிடிக்கலைன்னா விட்டர்லாம். பார்க்கறதுக்கு என்ன... ஹலோ? கண்ணு? ஹலோ?

வெச்சுட்டாளுங்க தம்பி. டவர் போயிருச்சாட்ட இருக்குது.

மறுபடியும் அடிச்சா பிஸிங்குது. இதுக்குள்ள என்ன பிஸி?

ஏனுங்க தம்பி, இது ரெண்டு சிம்மு போடற போனுதானுங்களே?